மேல்மாடி அறையின் வெப்பம் தணிய

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் படுப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

காட்டூர், பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களில் முன்பு ஓலைக் கூரைகளே மிகுதி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், நம் கடற்கரையெங்கும் தளம் போட்ட வீடுகள் பெருகின. புயலையும் தீயையும் அவை தாங்கும். வெப்பத்தைத் தடுப்பதில் மட்டும் ஓலையே சிறந்தது. ஓலை அடுக்குகளுக்கிடையே காற்று அடைபட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி, இரவில் அறைக்குள் விடுகிறது. அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகும் மின்விசிறி அனல் காற்றையே வீசுகிறது.

வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களை நம் முன்னோரும் கண்டனர். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அங்கே சேமித்தார்கள். மீனுக்கு ஐஸ் வைக்கும் தெர்மகோல் பெட்டியும் இதே தத்துவந்தான். குளிர் நாட்டார் அறையின் சூடு வெளியே போகாமலிருக்கக் கூரையில் கண்ணாடி இழைப் பஞ்சை அடைக்கிறார்கள். நாம் வெளிச்சூடு உள்ளே வராமல் தடுக்க வேண்டும்.

இதற்கு எளிய வழிகள் உண்டு.

முதலாவது, மொட்டை மாடியில் வெள்ளையடித்தல். சுண்ணாம்பைக் கரைத்து, பசை சேர்த்து, இரண்டு மூன்று முறை பூச வேண்டும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறையக்கூடும்.

இரண்டாவது, மாடியில் ஓலைப் பந்தல். பந்தலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும். மின்கம்பியும் அடுப்பும் அருகில் இருக்கலாகாது. ஐப்பசி மழைக்கு முன் பிரித்துவிட வேண்டும்.

மூன்றாவது, நண்பகலில் வெயில் படும் சன்னல்களை மூடி, இரவில் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தல்.

ஓர் எச்சரிக்கை: உட்கூரையில் வெறும் தெர்மகோல் ஒட்டுவது ஆபத்து, தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுரண்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது உயிராபத்து. ஆகவே தோழியரே, பங்குனி முடிவதற்குள் பெற்றோருடன் சேர்ந்து மாடிக்கு வெள்ளையடிப்போம். தேர்வுக்குப் படிக்கும் நாமும், நம் அருகில் உறங்கும் பாட்டியும் நலம் பெறுவோம்.