தந்தை மறுத்தால்: ஒரு மாணவிக்குக் கடிதம்

நோணாங்குப்பம், புதுவை

அன்புள்ள மகளுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் நீ நல்ல மதிப்பெண் பெற்ற பின்னும், கையிலிருக்கும் பணம் உன் கல்யாணத்துக்கே என்றும், கல்லூரிக்கு ஒரு காசும் தருவதற்கில்லை என்றும் உன் தந்தையார் தீர்மானமாகச் சொல்லிவிட்ட செய்தியை உன் கடிதத்தால் அறிந்து மிகவும் வருந்தினேன். ஆயினும் வருத்தத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஆகவேண்டிய காரியத்தைப் பேசுவோம்.

கொடுக்க வகையில்லாத தந்தையின் பிள்ளைக்கு இருக்கும் வழிகளெல்லாம், வகையிருந்தும் கொடுக்க மனமில்லாத தந்தையின் பிள்ளைக்கு இருப்பதில்லை என்பதை முதலில் நீ தெளிவாக உணரவேண்டும். உதவித்தொகை வழங்குவோர் குடும்பத்தின் வருமானத்தை அளந்து பார்க்கிறார்களேயன்றி, அந்த வருமானத்தில் ஒரு பகுதியேனும் மாணவியின் கைக்கு வந்து சேருகிறதா என்று விசாரிப்பதில்லை. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் நிலைமை இதுதான். அங்கே 24 வயது நிரம்பாத மாணவர் பெரும்பாலோர் பெற்றோரின் வருமானக் கணக்கைக் காட்டியே அரசின் உதவியைக் கோரவேண்டும். பெற்றோர் தர மறுக்கிறார்கள் என்பது மட்டும் விதிவிலக்குக்குப் போதிய காரணமாவதில்லை.

ஆகையால் தந்தையிடம் இனிப் பணம் கேளாதே; கையொப்பம் கேள். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தாலுகா அலுவலகத்தில் பெறுவதற்கு அவருடைய ஆவணங்களும் ஒத்துழைப்பும் வேண்டும். காசு செலவில்லாத இந்த உபகாரத்தை, பணம் தர மறுத்த தந்தையரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. நேரே கேட்கத் தயக்கமாயிருந்தால் தாயார் மூலமாகவோ, அவர் மதிக்கும் பெரியவர் ஒருவர் மூலமாகவோ கேட்கலாம்.

அடுத்தது கல்லூரித் தேர்வு. லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியும், நகரத்தில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியும் இருக்க, கடலூர் சாலையில் பஸ் ஏறி நாள்தோறும் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய உனக்கு, விடுதிச் செலவும் தனியார் கல்லூரியின் பெருங்கட்டணமும் அவசியமா என்று யோசித்துப் பார். பெயர் பெற்ற தனியார் கல்லூரியில் கடன்பட்டுப் படிப்பதைவிட அரசுக் கல்லூரியில் கடனின்றிப் படிப்பதே உன் நிலையிலுள்ள பெண்ணுக்கு மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம். தொழிற்கல்விதான் வேண்டுமென்றால் அரசின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகவே விண்ணப்பம் செய்; அவ்வழியில் தனியார் கல்லூரியில் இடம் கிடைப்பவர்க்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரால் புதுவை அரசு கட்டண உதவி அளித்து வருகிறது.

மத்திய அரசின் உதவித்தொகை ஒன்றும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்து மாணவருள் முதல் 20 சதவிகிதத்தினருக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமலிருந்து, வேறு உதவித்தொகை எதுவும் பெறாதவர்க்கு, இளநிலைப் படிப்பின் மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இவ்வுதவித்தொகைகளில் பாதி பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அரசுக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு இத்தொகை கட்டணத்தையும் புத்தகச் செலவையும் பெரும்பாலும் தாங்கிவிடும்.

இவற்றால் ஆகாவிடில் வங்கிக் கடன் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரையில் சொத்து ஜாமீன் கேட்பதில்லை; படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால் போதும். ஆனால் இடைக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதையும், பெற்றோரையோ பாதுகாவலரையோ இணைக் கடன்தாரராகச் சேர்த்துக்கொள்வது வங்கிகளின் வழக்கம் என்பதையும் மறவாதே. இங்கும் மீண்டும் தந்தையின் கையொப்பத்துக்கே வந்து நிற்கிறோம், பார்த்தாயா?

கையொப்பத்தையும் அவர் மறுத்தால் என்ன செய்வது? நம்மவர் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயம் இது; ஆயினும் நீ அறிந்திருக்கவேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், சொந்தச் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமையை, அவள் வயது 18-ஐக் கடந்த பின்னும், பெற்றோர்மீது சுமத்துகிறது. ஜீவனாம்சம் என்பதில் உணவு, உடை, உறையுளோடு கல்வியும் அடங்கும் என்று அச்சட்டமே சொல்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதிசெய்தது. 2025 ஜனவரியிலோ, அயர்லாந்தில் படித்துவந்த ஒரு மகளின் விஷயத்தில், பெற்றோரின் வசதிக்கு உட்பட்டுக் கல்விச் செலவைப் பெறுவது மகளின் பறிக்கவொண்ணாத உரிமை என்று கூறிற்று. மகன்களுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு 18 வயதோடு நின்றுவிடுகிறது. நம் புதுவையில் இன்னொரு விசேஷமும் உண்டு: 1881-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணையை அனுசரித்துத் தம் பரம்பரைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோர்க்கு இந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. உன் குடும்பம் எந்த வகுப்பில் சேரும் என்று வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்திருக்கிறது.

தந்தையை நீதிமன்றத்துக்கு இழுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ கேட்பது பிச்சையன்று என்பதை அறிந்த பெண், தலைநிமிர்ந்து, கோபமின்றிக் கேட்பாள். அப்படிக் கேட்பதை மறுப்பது எளிதன்று.

விண்ணப்பங்களுக்குரிய கடைசி நாள் நெருங்குமுன் சான்றிதழ்களைச் சேகரித்துவிடு. மதிப்பெண் பட்டியலையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா. இருவரும் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வோம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியர்