செம்பும் களிம்பும்: பிள்ளையை யாராகப் பார்க்கிறோம்?

ஞாயிறு சமய வகுப்பில் ஒரு தம்பிக்கு நாலு தடவை சொல்லியும் பாடம் ஏறவில்லை என்றால், "இவன் மக்கு, விடுங்க" என்று நம்மில் யாராவது சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு தத்துவக் கேள்வி இருக்கு. மனிதனின் இயல்பு என்ன? நம்ம பதில் எதுவோ, அதன்படிதான் கற்பிப்போம்.

மூன்று பதில்கள்

1. வளைந்த மரம்: கி.மு. 3-ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சுன்சி, மனித இயல்பு தீயது என்றார். வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல, ஆசிரியர்தான் மாணவனை நேராக்க வேண்டும். இங்கே கண்டிப்புக்கு முதலிடம்.

2. வெள்ளைத் தாள்: இங்கிலாந்தின் ஜான் லாக், 1693-இல் வெளியிட்ட கல்வி நூலில் பிள்ளையை வெள்ளைத் தாளுக்கும் மெழுகுக்கும் ஒப்பிட்டார். அதனால் நல்ல பழக்கமும் சூழலும்தான் முக்கியம் என்றார்.

3. இயல்பிலேயே நல்லவன்: ரூசோ 1762-இல் 'எமீல்' எழுதினார். பிள்ளையைக் கெடுப்பது சமுதாயம்தான். சுமார் 12 வயது வரை புத்தகத்தைத் திணிக்காமல் கண்ணாலும் கையாலும் கற்கட்டும் என்றார்.

சைவ சித்தாந்தம் சொல்வது

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் தந்த சிவஞானபோதம் இதன் அடிப்படை நூல். உயிர் அறிவுடையது. ஆனால் செம்பில் களிம்புபோல ஆணவ மலம் அந்த அறிவை மறைத்திருக்கிறது. உயிர் தானாக அறியாது. அறிவிக்க ஒருவர் வேண்டும். எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடையும்.

கவனிச்சீங்களா? சுன்சி சொன்ன ஆசிரியரும் லாக் சொன்ன சூழலும் இங்கே இருக்கு. ரூசோவைப்போல உள்ளே மதிப்பு உண்டு என்ற நம்பிக்கையும் இருக்கு. ஆனால் மறைப்பு ஒன்று உண்டு என்பதையும் சித்தாந்தம் மறக்கவில்லை.

பொறியியல் மாணவனாக எனக்கு இது நல்லா புரியுது. செம்பு இணைப்பில் பச்சை பிடித்தால் கரண்ட் சரியாகப் போகாது. உடனே வயரைத் தூக்கிப் போடுவோமா? சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி இணைப்போம். மலத்தை முழுதாக நீக்குவது இறைவன் அருள்தான். துணையாக நிற்பது நம்ம வேலை.

மலேசியாவில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. தேர்வு போச்சு; 'மக்கு' முத்திரை போச்சா? பத்து வயசில் அதைக் கேட்ட பிள்ளை, அதையே சார்ந்து அதுவாகவே ஆகிவிடலாம். சித்தாந்தம் தரும் எச்சரிக்கை இது.

சிந்திக்க:

1. உங்கள் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு மறைப்பாக இருப்பது எது? பசியா, பயமா, மொழியா?

2. இந்த வாரம் அதில் ஒன்றையாவது விலக்க நீங்கள் என்ன செய்யலாம்?