அடிக்காங்கிரீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பாதாளச் சாக்கடை வராத புறநகரில் வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸுக்கு நான்கு கடை ஏறி இறங்குவார்கள். செப்டிக் டேங்க் என்றதும் "மேஸ்திரி பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுவார்கள். அவர் இறக்குவது பெரும்பாலும் ஐந்தாறு சிமென்ட் உறைகள். அடியில் வெறும் மண். செலவு பாதிதான். ஆனால் அது தொட்டி இல்லை, நிலத்தடி நீருக்குள் கழிவை இறக்கும் குழி.

முதல் வேலை அளவை முடிவு செய்வது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, பத்துப் பேர் புழங்கும் வீட்டுக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீர் ஆழம் என்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுப்பதாக வைத்துச் சொன்ன கணக்கு இது. நீர்மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் காலியிடம் வேண்டும். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் தடுப்புச் சுவர். கெட்டியானது முதல் அறையில் படிய, தெளிந்தது மட்டும் அடுத்த அறைக்குப் போகும்.

அடுத்து இடம். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை உறிஞ்சும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 60 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். அதனால் சொந்த போர்வெல்லை மட்டுமல்ல, பக்கத்து வீட்டு போர் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிட்டே குழிக்கு இடம் குறிக்க வேண்டும். இடைவெளி கிடைக்காத மனையில் போர் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

இனி பணம். மேலே சொன்ன அளவுக்கு ஒன்பது அங்குலச் சுவர் என்றால் சுமார் 1,400 செங்கல் பிடிக்கும். கல் 10 ரூபாய் என்று வைத்தால் 14,000. அடிக்காங்கிரீட், கட்டு, உள்பூச்சு, மேல் சிலாப் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 மூட்டை சிமென்ட். மூட்டை 400 என்றால் 8,000. எம்-சாண்டும் ஜல்லியும் 6,000, கம்பி 3,000, பைப் 3,000, ஜே.சி.பி. வாடகை 3,000. கொத்தனார், சித்தாள் கூலி 14,000 வரை போகும். கூட்டினால் 51,000. உறிஞ்சுகுழிக்குத் தனியாக 15,000 ஒதுக்கலாம். விலை ஊருக்கு ஊர் மாறும். செங்கல் எண்ணிக்கையையும் மூட்டைக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் விலையால் பெருக்கிப் பார்த்தால், ஒப்பந்தக்காரர் சொல்லும் மொத்தத் தொகை நியாயமா என்பது தெரிந்துவிடும்.

மண் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடும். கொங்குப் பக்கம் நாலடியில் பாறை தட்டினால் பிரேக்கர் வாடகை தனி. காவிரிக் கரை ஊர்களில் தோண்டத் தோண்ட ஊற்று வரும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டேதான் காங்கிரீட் போட வேண்டும். கோடையில் இந்த வேலையை முடிப்பது நல்லது.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அளவை வீட்டுக்கு ஏற்பக் குறைக்கலாம். ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீர் ஆழம் போதும். அடிக்காங்கிரீட், தடுப்புச் சுவர், வாயு வெளியேறும் வென்ட் பைப் இந்த மூன்றிலும் கை வைக்கக் கூடாது. மழைநீர்க் குழாயைத் தொட்டியில் இணைக்கவும் கூடாது.

பூச்சு காய்ந்ததும் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, மட்டத்தில் கரியால் கோடு போட வேண்டும். சுவர் ஈரம் இழுத்தபின் மறுபடி நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் கசிவு தெரியும். உறிஞ்சுகுழிக்குப் பைப் இணைப்பது அதன் பிறகுதான்.

ஒவ்வோர் அறைக்கும் மேலே ஒரு மூடி, அதுவும் கழிவு உறிஞ்சும் லாரியின் ஹோஸ் எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். சமையலறைத் தரைக்கு அடியில் புதைந்த தொட்டிகளில்தான் ஆளை இறக்கும் பேச்சே வருகிறது. உள்ளே தேங்கும் நச்சு வாயு சில நொடிகளில் உயிரை எடுத்துவிடும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இறக்கச் சொல்லும் வீட்டுக்காரரும் அதில் சிக்குவார். தொட்டி நிறைந்தால் 14420 என்ற உதவி எண்ணை அழைத்து, உரிமம் உள்ள லாரியை வரச் சொல்லலாம்.