கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா என்று அழைத்திருக்கிறாய், அந்த உரிமையில் ஒருமையிலேயே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தாய், விட்டுவிட்டேன்.

உனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பிறந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். நிச்சயம் ஆகியிருக்கிற வீட்டில் தெரியாது. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்கிறார் உன் அம்மா. அது சரிதானா என்று கேட்கிறாய். சரியில்லை. முன்பே சொல்லிவிடு.

நம் ஊரில் சாமி இல்லை என்று சொல்வதால் வருகிற சண்டையை விட, எந்த நாளில் சொல்கிறோம் என்பதால் வருகிற சண்டைதான் பெரிது. காதுகுத்து நடக்கும்போதும், இழவு வீட்டில் தண்ணீர்க்குடம் எடுக்கும் நேரத்திலும், மணமேடையிலும் நீ வாயைத் திறந்தால், அது உன் கருத்தாகப் போய்ச் சேராது. கூடியிருக்கிற நூறு பேர் முன்னால் ஒரு பெரியவரைத் தலைகுனிய வைத்ததாகவே போய்ச் சேரும். அதையே ஆறு மாதம் முன்னால் கூடத்தில் உட்கார்ந்து சொன்னால் அழுவார்கள், கோபப்படுவார்கள், இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். பிறகு, கத்திரிக்காய் சேராதவருக்குத் தனியாக ஒரு பொரியல் வைப்பதுபோல, உன்னையும் கணக்கில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே நான் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவர் முருக பக்தை. கிருத்திகை தவறாத விரதக்காரர். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நீ கும்பிடாட்டிப் போவுது, என்னைக் கும்பிடாதேன்னு சொல்லாம இருந்தாச் சரி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நாங்கள் இருவரும் பல வருடம் ஒரே அடுப்படியில் இருந்தோம்.

கண்புரை முற்றி எழுத்து மங்கிப்போன பிறகு, சஷ்டி ஆறு நாளும் அவருக்குக் கவசம் வாசித்துக் காட்டியது நான்தான். எண்ணெயும் திருநீறும் படிந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்ட பழைய புத்தகம். பாதி அவருக்கு மனப்பாடம். நான் ஒரு வரி தாண்டிவிட்டால் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்துவார். திரும்பிப் போய் அந்த வரியிலிருந்து படிக்க வேண்டும். படித்து முடித்ததும் அவர் கற்பூரம் காட்டுவார், நான் எழுந்து தோசைக்கல்லைப் போடுவேன்.

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டாயே என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் யாரும் என்னைத் தவறாக நினைத்துக்கொள்ளவில்லை. அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பார்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று. நம்பாததை நம்புவதாக யாரையாவது எண்ண வைக்கிறேனா? இல்லையென்றால் வாசித்துக் கொடுப்பேன், சுண்டல் தாளித்துக் கொடுப்பேன், பழனிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அடிவாரம் வரை கூடவும் போவேன்.

விட்டுக்கொடுக்காத இடங்களும் இருந்தன. வீட்டுக்கு விலக்கு என்று மூன்று நாள் பின்கட்டில் உட்காரமாட்டேன் என்றேன். பூஜை அறைக்குள் போகாதது அவர் உரிமைக்கு நான் தரும் மரியாதை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் வரக்கூடாது என்பதை ஏற்கமுடியாது என்று சொன்னேன். இதில் அத்தையோடு மனத்தாங்கல் வந்தது, நெடுநாள் இருந்தது. என் மகளுக்கு அந்த வழக்கம் வரவில்லை. ஒரு பெண் நாத்திகரின் முதல் வழக்கு கடவுளோடு இல்லை, தங்கை. தன் உடம்பின்மேல் போடப்பட்ட விதிகளோடுதான்.

இதைச் சொல்லும்போது ஆண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உன் மாப்பிள்ளை "எனக்கும் பெரிசா நம்பிக்கை கிடையாது, அம்மாவுக்காகத்தான் எல்லாம்" என்றாராம். நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அந்த "அம்மாவுக்காக" என்பதன் வேலை யார் தலையில் விழப்போகிறது? வெள்ளிக்கிழமை வீடு மெழுகி, விளக்குத் துலக்கி, நோன்பிருந்து, கொழுக்கட்டை பிடிக்கப்போவது அவர் இல்லை. சில வீடுகளில் கணவர், கூட்டத்தில் கடவுள் மறுப்புப் பேசிவிட்டு வருவார். பூஜை அறைக்குக் கோலம் போட்டிருப்பது மனைவி. மகனுக்குப் பெண் தேடும்போது ஜாதகம் பார்க்காமல், ஆனால் சொந்தச் சாதிக்குள் மட்டுமே தேடுவார்கள். இப்படிப்பட்ட வீடுகள் எனக்குத் தெரியும். சாமியை விட்டுவிட்டுச் சாதியை வைத்துக்கொள்வதைப் பகுத்தறிவு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

விஜயவாடாவில் நாத்திக மையத்தை நடத்திய கோரா, அதாவது கோபராஜு ராமச்சந்திர ராவ், இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர். தாவரவியல் விரிவுரையாளர், நாத்திகத்தால் கல்லூரி வேலையை இழந்தவர். அவர் மனைவி சரஸ்வதி, கர்ப்பிணி பார்க்கக்கூடாது என்று ஊரே சொல்லும் கிரகணத்தை வயிற்றுப்பிள்ளையோடு நின்று பார்த்தவர். மேடையில் பேசியவரை விட அந்தப் பெண்ணின் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் மூத்த மகள் மனோரமாவை, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஓர் இளைஞருக்குக் கொடுக்க முடிவு செய்தபோது, சேவாகிராம ஆசிரமத்தில் தானே நடத்திவைப்பதாக காந்தி ஒப்புக்கொண்டார். கடவுள் பெயர் வருகிற இடத்தில் சத்தியம் என்று சொல்வதற்கும் இசைந்தார். காந்தி கொல்லப்பட்ட பிறகு, 1948 மார்ச்சில் அந்தத் திருமணம் அங்கேயே நடந்தது. நாள்தோறும் பிரார்த்தனை செய்த மனிதருக்கும் அதில் சேராதவருக்கும் இடையில் இது நடக்க முடிந்ததற்குக் காரணம், கோரா தன்னை மறைக்காமல் வந்து நின்றதுதான்.

உன் கல்யாணம் பற்றிக் கேட்டிருந்தாய். புரோகிதர் இல்லாமல் செய்தால் சட்டப்படி செல்லுமா என்று உன் அண்ணன் மிரட்டுகிறாராம். செல்லும். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். அதன்பின் நாற்பது ஆண்டு சட்டம் அதை ஏற்கவில்லை; 1950-களில் சென்னை உயர்நீதிமன்றமே அப்படி ஒரு திருமணம் செல்லாது என்றது. மனைவி என்ற சட்டத் தகுதியே இல்லாமல், நாளைக்குச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா என்று தெரியாமல், அத்தனை பெண்கள் துணிந்து வாழ்ந்தார்கள். அண்ணா முதல்வரான பிறகு, 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தால்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. முன்பு நடந்தவையும் செல்லுபடியாயின. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம், எதுவானாலும் போதும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடு. அண்ணனுக்கு இந்தப் பத்தியைக் காட்டு.

முன்பே சொல்லிவிடு என்று எல்லோருக்கும் சொல்ல எனக்கு வாய் வராது. 2013-இல் புனேயில், மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கரைக் காலை நடையின்போது சுட்டுக் கொன்றார்கள். 2017 மார்ச்சில் கோவையில், மதத்தை விட்டு வெளியே வந்த ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். மகன் இருந்த பகுத்தறிவு அமைப்பிலேயே தானும் சேர்வதாக அவர் தந்தை சொன்னதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள், படிப்பு நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் பேசாமல் இருக்கலாம். சொந்தக் காலில் நிற்கும்வரை காத்திருக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. உனக்குச் சம்பளம் வருகிறது, அம்மா வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். என் அம்மா தினமும் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். அப்பா நன்றாக இருந்த காலத்திலேயே ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "எனக்கு முன்னாடி அவர் போயிட்டா, அந்தப் பத்தாம் நாள் கூத்து மட்டும் எனக்கு வேண்டாம். பூ வச்சு வளையல் போட்டு எல்லாத்தையும் உடைக்கிறதை என்னால தாங்க முடியாது. நீதான் வந்து சொல்லணும்." ஏம்மா, அண்ணன்கிட்டச் சொல்லக்கூடாதா என்றேன். "உன்னைத்தான் ஏற்கெனவே எல்லாரும் ஏசிட்டாங்களே. நீ சொன்னா, இவ அப்படித்தான்னு விட்டுருவாங்க" என்றார்.

அப்பா போனபோது வாசலில் நின்று நான்தான் சொன்னேன். பெரியம்மா ஏசினார், பங்காளி வீட்டார் சாப்பிடாமல் போனார்கள். அம்மா கையில் வளையல் இருந்தது. பதினாறாம் நாள் கழித்துப் பொட்டோடு பிள்ளையார் கோயிலுக்கும் போனார். அம்மாவுக்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு: ஜாதகத்தில் தோஷம் என்று தட்டிக் கழிக்கப்பட்ட ஒரு சித்தி மகள், பரிகாரத்துக்குக் கடன் வாங்கி விழித்த ஒரு மைத்துனர். எல்லோரும் பக்தர்கள்தான். வெளியே சொல்ல முடியாததைச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் மாப்பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசு. புகுந்த வீட்டில் விளக்கு யார் ஏற்றுவது, பிள்ளைக்கு மொட்டை உண்டா, விலக்கு நாளில் எங்கே இருப்பாய் என்று நேராகவே கேள். அவருடைய அம்மாவிடம் இருவரும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்; அவரை மட்டும் அனுப்பிவிடாதே. உன் அம்மா அன்று மாலை அழுவார். வாதாடாமல் பக்கத்தில் உட்கார். கல்யாணம் தையில் என்று எழுதியிருக்கிறாய். பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் இதையெல்லாம் பேசி முடிக்க நாள் இருக்கிறது. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அக்கா