எச்-1 பெட்டியில் ஏறும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது.  

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல் விட்டேன். யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் கடிதம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பரிசோதிக்க முதல் தடவையாக உனக்கு எச்-1 என்கிற முதல் வகுப்பு ஏ.சி. பெட்டி விழுந்திருக்கிறது. இரண்டு பெர்த் கூப்பேயின் கதவைத் தட்டினால், பேப்பரில் மட்டுமே பார்த்திருந்த அந்தத் தொழிலதிபர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் கேட்க நாக்கு எழாமல் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாய். காலையில் மதுரையில் இறங்கும்போது அவரே கூப்பிட்டு உன் பேரைக் கேட்டு, விசிட்டிங் கார்டும் கொடுத்திருக்கிறார். தம்பிக்கு வேலை கேட்கலாமா மாமா என்றாய்.

கார்டு விஷயம் கடைசியில். முதலில் அந்தப் படபடப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தாயி. உன் தாத்தா பண்ணை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றபடியே பேசிப் பழகியவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பழக்கம் நம் வீட்டை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு பேச்சை வைத்துக்கொள்ளாதே, அது ஒன்றுதான் இதற்கு மருந்து. ஸ்லீப்பர் எஸ்-7-இல் வருகிற குடும்பத்திடம் என்ன சொல்கிறாயோ அதையே கூப்பேயிலும் சொல். "வணக்கம், டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டுங்க." தினமும் நூறு பேரிடம் சொல்கிற வார்த்தை, பயத்திலும் தானாக வாயில் வந்துவிடும். சார்ட்டில் பேர் இருந்தது, முகமும் தெரிந்த முகம், அதனால் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்காதே. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு "நன்றி சார்" என்று நகர அரை நிமிஷம் போதும். பாண்டியன் எழும்பூரை விட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்திலேயே பத்து மணி ஆகிவிடும். அதற்கு மேல் கதவைத் தட்டுவது மரியாதையும் இல்லை, விதியும் இல்லை. ஆகையால் எச்-1-ஐ முதலில் முடித்துவிடு.

விதியை முழுசாகத் தெரிந்து வைத்துக்கொள். வசூலிக்கும் பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது, கொடுக்க வேண்டிய பக்கமும் தெரிய வேண்டும். பதவியில் இருக்கும் எம்.பி. அட்டையைக் காட்டினால் முதல் வகுப்பு ஏ.சி.யில் இலவசம். முன்னாள் எம்.பி. என்றால் துணைக்கு ஒருவரோடு டூ டயரில் வரலாம், தனியாக வந்தால் முதல் வகுப்பில் வரலாம். இதைத் தெரியாமல் ஒரு வயசானவரை நடைபாதையில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது நேர்மையில் சேராது. 2009 ஏப்ரலில் டில்லி விமான நிலையத்தில் அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் காலணியைக் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு அந்தச் சோதனை கிடையாது என்று நம் நாட்டு உத்தரவே இருந்தது. கலாம் மறுபேச்சில்லாமல் நின்றார். ஜூலையில் விஷயம் வெளியே வந்து நாடாளுமன்றம் வரை போனது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவருடைய பொறுமையை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கென்னவோ, அந்த ஊழியர்களுக்கு அந்த உத்தரவை யாராவது முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

தொல்லை பெரும்பாலும் பெரிய மனிதரிடமிருந்து வராது, அவரைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்துதான் வரும். பதவியில் இருந்த ஒருவர், பேர் வேண்டாம், ஒரு ராத்திரி நான் டிக்கெட் பார்த்த பெட்டியில் ஏறினார். சார்ட்டில் அவருக்கு நான்கு பெர்த் கேபின் விழுந்திருந்தது. கூப்பே ஒரு வயசான தம்பதிக்கு. அந்த அம்மாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து வந்திருந்தார். பி.ஏ. என்னிடம் வந்து, "ஐயாவுக்குக் கூப்பேதான் வேணும், அவங்களை மாத்துங்க" என்றார். கன்மேன் அதற்குள் அந்த அம்மாளின் பையையே தூக்கிவிட்டார். நான் பி.ஏ.யிடம் வாதாடவில்லை. நேராக ஐயாவிடம் போய், "கூப்பேயில் முழங்கால் ஆபரேஷன் ஆன ஒரு அம்மா இருக்காங்க. உங்களுக்கு அந்தக் கேபின். படுக்கை விரிக்கச் சொல்லட்டுமா?" என்றேன். அவர் பி.ஏ.யை ஒரு பார்வை பார்த்தார். "விரிக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அந்தக் கூப்பே வேண்டுமென்று அவர் யாரிடமும் சொல்லவே இல்லை.

எல்லோரும் அவரைப் போல இருக்கமாட்டார்கள். "நான் யாருன்னு தெரியுமா" என்று குதிப்பவர்களும் வருவார்கள். குரலை உயர்த்தாதே. வித்தியாசக் கட்டணத்துக்கு இ.எஃப்.டி. ரசீது எழுது. கட்டமாட்டேன் என்றால் கண்ட்ரோலுக்குச் சொல், விழுப்புரத்தில் ஆர்.பி.எஃப். வந்து பேசட்டும். "இ.க்யூ. போட்டிருக்கோம்" என்பார்கள். அவசரக் கோட்டா கிடைத்திருந்தால் பேர் சார்ட்டிலேயே இருக்கும். சார்ட் போட்ட பிறகு உன் கையில் எந்தக் கோட்டாவும் இல்லை.

நான் இந்தக் கடிதம் எழுதுவதே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். எச்-1-இல் பெரிய மனிதர் ஏறியிருக்கும் இரவில் ஸ்லீப்பரையும் ஒரு நடை பார்த்து வா. ஏழாம் நம்பர் சைடு லோயரில் இரண்டு ஆர்.ஏ.சி. பயணிகள் முழங்காலை மடக்கி எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். பெர்த் ஏதாவது காலியாகுமா என்று நீ கடக்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பார்கள். வராத ஆளின் பெர்த்தை மெஷினில் பதிந்தால் அது வரிசைப்படி அவர்களுக்குப் போகும். பெரிய மனிதரின் கூட வந்தவருக்கு அதை நீ வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டால், கொடுத்தது நீ இல்லை. கொடுத்தவர் அந்த ஏழாம் நம்பர்க்காரர், அதுவும் அவருக்கே தெரியாமல். செல்வாக்குள்ளவர்களுக்கு நாம் செய்கிற சின்ன உபகாரம் எல்லாமே எங்கோ ஒரு ஏழையின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. ரயிலில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. யார் வந்தார், யாரோடு வந்தார் என்பது உன்னோடு நிற்கட்டும். நடிகரோ அமைச்சரோ, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதே. செல்ஃபி கேட்காதே. உன் அம்மா கேட்டாலும் சொல்லாதே. என் தங்கைதான், எனக்குத் தெரியும், விடிவதற்குள் தெருவுக்கே சொல்லிவிடுவாள்.

இனி கார்டு. அவர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், அதைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஆனால் தம்பிக்காகப் போன் போடாதே. பதவியைப் பயன்படுத்திக் குடும்பத்தாருக்குத் தனியார் கம்பெனியில் வேலை தேடக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டு ரயில்வே நடத்தை விதிகளில் நான்காவது விதியே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் மறுபடியும் உன் ரயிலில் வருவார். அன்றைக்கு அவரோடு டிக்கெட் இல்லாத ஒருவரும் வந்தால், தம்பியின் சம்பளம் ஞாபகத்துக்கு வராமல் உன்னால் ரசீது எழுத முடியுமா?

தம்பியை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்பு. சர்டிபிகேட்டுகளை எடுத்துவரட்டும். அந்தக் கம்பெனிக்கும் சேர்த்து எல்லா இடத்துக்கும் விண்ணப்பம் போட நான் கூட உட்கார்ந்து உதவுகிறேன். உன் பேரையும் ரயிலையும் எதிலும் எழுதக் கூடாது என்று அவனிடம் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா