எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே?

அன்புள்ள இளமதி,

“மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடும் என்கிறது ஓம் விதி. ஆனால் சென்னைக் கடற்கரை–தாம்பரம் ரயில் தடத்தில் 1,500 வோல்ட்டை 25,000 ஆக்கியதால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறைந்தது என்கிறார்கள். இரண்டில் எது பொய்?” என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே மெய்தான். கோளாறு, மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அடைத்து நீ நோட்டில் வரைந்து வைத்திருக்கும் அந்த முக்கோணத்தில் இருக்கிறது. வேண்டியதை விரலால் மறைத்தால், மீதி இரண்டையும் பெருக்குவதா வகுப்பதா என்று அது சொல்லிவிடும். எதன் மின்னழுத்தம், எதன் மின்தடை என்று மட்டும் சொல்லாது. நம் பள்ளிகள் அதை ஏன் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீ கேட்ட ரயிலையே எடுத்துக்கொள்வோம். தென்னிந்திய ரயில்வே 1931இல் தாம்பரம்வரை மீட்டர் பாதையில் மின்சார ரயில் விட்டபோது மேல்கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1967இல் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். ஒரு வண்டி 600 கிலோவாட் இழுக்கிறது, துணைமின் நிலையத்திலிருந்து கம்பி வழியே போய்த் தண்டவாளம் வழியே திரும்பும் பாதையின் மின்தடை 0.3 ஓம் என்று கணக்குக்காக வைத்துக்கொள். (மாறுமின்சாரத்தில் திறன் காரணி என்று ஒன்று குறுக்கிடும், அதை மேல்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.) வண்டிக்குக் கிடைப்பது 1,500 வோல்ட் என்றால் 400 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட் என்றால் 24 ஆம்பியரே போதும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை 0.3ஆல் பெருக்கு: பாதையில் சூடாக வீணாவது முதல் கணக்கில் 48 கிலோவாட், இரண்டாவதில் வெறும் 173 வாட். ஏறக்குறைய 278 மடங்கு குறைவு.

“மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் திறன் வருமே, அப்படிப் பார்த்தால் 25,000 வோல்ட்டில் சூடு தாறுமாறாக ஏறுகிறதே?” என்பாய். போட்டுப் பார். 25,000இன் வர்க்கத்தை 0.3ஆல் வகுத்தால் 2,083 மெகாவாட். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளுக்கும் சேர்த்து நிறுவுதிறன் 440 மெகாவாட்தான். ஒரு லோக்கல் வண்டியின் கம்பி சூடாவதற்கு ஐந்து கல்பாக்கம் வேண்டுமாம்! சூத்திரத்தின் மேல் குற்றமில்லை. 25,000 வோல்ட் இருப்பது கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே. அதைக் கொண்டுபோய் 0.3 ஓம் பாதையின் தலையில் கட்டியது நீ. அந்தப் பாதை தன் நீளத்தில் விழுங்குவது 24ஐ 0.3ஆல் பெருக்கினால் வரும் 7.2 வோல்ட். அதன் வர்க்கத்தை 0.3ஆல் வகுத்துப் பார், அதே 173 வாட் வந்து நிற்கும். 1,500 வோல்ட் கணக்கில் விழுங்கப்பட்டது 120 வோல்ட். அங்கும் அதே 48 கிலோவாட் வருகிறது.

எதன் அழுத்தம், எதன் தடை என்ற இந்தக் கவனம் விதியைக் கண்ட ஓமுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவருக்கு அந்தக் காலத்து மின்கலம் பெரிய தொல்லை. அதன் அழுத்தம் நிலையாக நிற்காது. இயற்பியலாளர் பொகென்டோர்ஃப் சொன்ன யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்சாரம் எடுத்து, வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளைச் சோதித்தார். 1826இல் அவர் எழுதிய சமன்பாட்டின் வகுக்கும் எண்ணில் கம்பியின் நீளம் தனியாக நிற்கவில்லை; அதோடு ஒரு மாறிலியும் கூட்டப்பட்டிருக்கிறது. சோதனைக் கம்பி நீங்கலாகச் சுற்றில் மீதமிருக்கும் எல்லாவற்றின் தடையும் அதில் அடக்கம். எந்தத் தடை எங்கே இருக்கிறது என்று மனிதர் பிரித்து வைத்தே கணக்குப் போட்டார். பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்ந்ததோ முக்கோணம்.

இன்னொரு மறுப்பையும் நானே எழுப்பிவிடுகிறேன். 1,500ஐ 400ஆல் வகுத்தால் வண்டியின் மின்தடை 3.75 ஓம், அதே வண்டிக்கு 25,000 வோல்ட் கொடுத்தால் 6,667 ஆம்பியர் பாய வேண்டாமா? வேண்டாம். 25,000 வோல்ட் மோட்டாருக்கு நேராகப் போவதில்லை, வண்டியிலுள்ள மின்மாற்றி முதலில் அதை இறக்கிவிடுகிறது. அது ஒருபுறம் இருக்க, அந்த 3.75 வண்டியின் குணமே கிடையாது, அந்த நொடியில் கிடைத்த ஒரு விகிதம். மோட்டார் சுழலும்போது, வரும் மின்னழுத்தத்தை எதிர்த்துத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. நிற்கும் வண்டியில் அந்த எதிர்ப்பு பூஜ்யம். சுருளின் சொற்பத் தடை மட்டுமே மிச்சம் என்பதால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். அதனால்தான் நேர்மின்சார வண்டிகளில் புறப்படும்போது தடைகளைத் தொடரில் சேர்த்து, வேகம் பிடிக்கப் பிடிக்க ஒவ்வொன்றாக விலக்குவார்கள். ஒரே மின்னழுத்தம், ஒரே மோட்டார், ஆனால் மின்னோட்டம் நிமிடத்துக்கு நிமிடம் வேறு. இதற்கு எந்த ஒற்றை மின்தடையை எழுதுவாய்?

இது ரயில் மோட்டாரோடு நிற்பதில்லை. சென்னைப் புறநகர்களான சேலையூரிலும் மேடவாக்கத்திலும் கோடையில் ‘லோ வோல்டேஜில் மோட்டார் போடாதே, காயில் கருகிடும்’ என்பார்கள். முக்கோணத்தை நம்பினால் மின்னழுத்தம் குறைய மின்னோட்டம் குறைந்து மோட்டார் குளிர வேண்டும். வாட்டர் ஹீட்டர் அப்படித்தான் நடந்துகொள்கிறது: 230 வோல்ட்டில் 1,000 வாட் என்றால் 180 வோல்ட்டில் சுமார் 612 வாட்தான். போர் மோட்டாரோ அதே ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். அழுத்தத்தில் குறைந்ததை மின்னோட்டத்தில் ஈடுகட்டப் பார்க்கும். மின்னோட்டம் 20 விழுக்காடு ஏறினால் சுருளின் சூடு 44 விழுக்காடு ஏறும். இங்கே நீ எடுக்க வேண்டியது மின்னோட்டத்தின் வர்க்கத்தை. 180 வோல்ட்டைச் சுருளின் தடையோடு சேர்த்து வகுக்க உட்கார்ந்தால் மறுபடியும் கல்பாக்கத்துக்குத்தான் போய்ச் சேருவாய்.

அன்புடன்,
உன் பெரியப்பா