முதலில் மூச்சு, பிறகு எக்ஸ்ரே

புதுச்சேரி காலாப்பட்டிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறெங்கோ ஒரு செல்லப்பிராணி கிளினிக்கிலோ உதவியாளராகச் சேரப் போகிறீர்களா? ரசீது போடவும் நாயைக் குளிப்பாட்டவும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். ஆக்சிஜன் கொடுப்பதை நீங்களே கேட்டுக் கற்க வேண்டும்.

வைகாசி வெயிலில் கடலோர ஈரக்காற்றும் சேர்ந்தால், நாய் எவ்வளவு இரைத்தாலும் உடல்சூடு லேசில் இறங்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள்தான் முதலில் சுருண்டு விழும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வரிசை, டோக்கன் எதுவும் வேண்டாம், நேரே உள்ளே தூக்கிப் போங்கள். ஈறு நீலம் பாயட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது மிகத் தாமதமாக வரும் அடையாளம்.

ஆக்சிஜன் குழாயை மூக்கருகே பிடித்து நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் விட்டாலே, காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் 25 முதல் 40 வரை ஏறும். மாஸ்க்கில் இன்னும் கூடும். ஆனால் முகத்தில் அழுத்தினால் பிராணி திமிறும். திமிறத் திமிற அதன் ஆக்சிஜன் தேவையும் ஏறும். மல்லாக்கப் போடாதீர்கள், விரும்பியபடி உட்காரட்டும். எக்ஸ்ரே பிறகு. மாஸ்க்கை ஏற்காத நாய்க்கு, காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கைகொடுக்கும். கூம்பின் திறந்த முன்பக்கத்தை முக்கால் பங்கு பிளாஸ்டிக் தாளால் மூடி, உள்ளே குழாயை ஒட்டிவிடுங்கள். மேலே இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் வெப்பமும் கரியமில வாயுவும் உள்ளேயே தங்கும். காசில்லாத உத்தி, அருமையாக வேலை செய்யும்.

1,500 லிட்டர் பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 5 மணி நேரம் வரும். தினமும் காலையில் அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, தீப்பிடிக்கும்.

மூச்சு நின்றால் தொண்டையில் குழாய் செருகுவது மருத்துவர் வேலை, காற்றைச் செலுத்தும் ஆம்பு பேக் என்ற பையை அமுக்குவது பெரும்பாலும் உங்கள் வேலை. 6 விநாடிக்கு ஒன்று, அவ்வளவுதான். பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அமுக்குவார்கள். அது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். இதயமும் நின்றிருந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். 2012இல் வந்து 2024இல் திருத்தப்பட்ட 'ரெகவர்' சர்வதேச உயிர்மீட்பு வழிகாட்டுதல்கள் சொல்லும் கணக்கு இது.

எல்லையும் தெரிந்திருக்கட்டும். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, சிகிச்சையை முடிவு செய்பவர் பதிவுபெற்ற மருத்துவர்தான். அந்த இடத்துக்கே வர ஆசையென்றால் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுப் படிப்பு.

நேர்காணலில் சம்பளம் பேசுவதற்கு முன், சிலிண்டர் எங்கே, அதைத் திறக்கும் சாவி எங்கே என்று கேளுங்கள். பூட்டிய அறையைக் காட்டினால் வேறு கிளினிக் பாருங்கள்.